யுரேனியம் சிட்டி: 91 பேருக்காக ஓர் ஊரை வைத்திருக்க வேண்டுமா?

வரிக்கணக்கு:
நேற்று தூக்கம் வராமல் கனடாவில் கைவிடப்பட்ட ஊர்களின் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சிக்கியது யுரேனியம் சிட்டி. சஸ்காட்செவன் மாநிலத்தின் வடமேற்கு மூலை, அதபாஸ்கா ஏரியின் வடகரை. சுற்றிலும் யுரேனியச் சுரங்கங்கள் முளைக்கவே 1952-ல் மாநில அரசே திட்டம் போட்டு உருவாக்கிய ஊர். 1981 டிசம்பர் 3 அன்று, முக்கியச் சுரங்கத்தை நடத்திய எல்டொராடோ என்ற மத்திய அரசு நிறுவனம், அடுத்த ஜூனோடு மூடுகிறோம் என்று அறிவித்தது. ஏறக்குறைய 2,500 பேர் இருந்த ஊர். 2021 கணக்கெடுப்பில் 91 பேர்.

வெளியூரோடு இணைக்கும் நிரந்தரச் சாலை கிடையாது. விமானம் உண்டு, குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் வண்டி ஓட்டலாம். அவ்வளவுதான். இந்தச் சொற்பப் பேருக்கு ஒரு விமானதளம், குடிநீர், மின்சாரம் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஆளுக்கு ஒரு நல்ல தொகையைக் கொடுத்துத் தெற்கே குடியமர்த்திவிட்டால் அவர்களுக்கும் நல்லது, வரி கட்டுகிறவர்களுக்கும் நல்லது. இதில் என்ன தவறு? உணர்ச்சிவசப்படாமல் சொல்லுங்கள்.

மேகலை:
முதல் வரியில் "கைவிடப்பட்ட" என்கிறீர்கள், இரண்டாவது பத்தியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்கிறீர்கள். யார் கைவிட்டது? கம்பெனி கைவிட்டது. மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் டெனே, மேட்டி பழங்குடியினர். சுரங்கத்தை நம்பி வந்தவர்கள் சுரங்கத்தோடு போய்விட்டார்கள். இவர்களுடைய ஆட்களோ அங்கே யுரேனியம் இருப்பது யாருக்கும் தெரியாத காலத்திலேயே அந்த ஏரியில் வலை போட்டவர்கள். "தெற்கே குடியமர்த்தலாம்" என்றால், அவர்களுக்குத் தெற்கில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. 2016-ல் அங்கே 73 பேர். 2021-ல் 91. செத்த ஊரில் தலை கூடுமா?

வரிக்கணக்கு:
மேகலை, 73 பேர் ஊரில் நாலு குடும்பம் வந்து இறங்கினால் 18 தலை கூடிவிடும். அதை வளர்ச்சி என்றால் எங்கள் அபார்ட்மென்ட்டும் வளர்கிற நகரம்தான். 2003-ல் அங்கே ஆஸ்பத்திரியையும் மூடிவிட்டார்கள். நெஞ்சுவலி வந்தால் விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். அப்படி ஓர் இடத்தில் வயதானவர்களை இருக்கவிடுவதுதான் கருணையா?

பாறையாளன்:
சண்டைக்கு நடுவே கொஞ்சம் பாறைக் கணக்கும் பார்ப்போம். நான் நிலவியல் படித்தவன்.

அந்த ஊரின் தலையெழுத்து இரண்டு முறை வெளியே எழுதப்பட்டது. ஆரம்பத்தில் அங்கே வெட்டிய யுரேனியத்தை வாங்கியது அமெரிக்க அணுசக்தி ஆணையம். அணுகுண்டுக்கு. 1959-ல் அவர்கள் இனி ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்றதும் சின்னச் சுரங்கங்கள் வரிசையாகப் படுத்தன. எல்டொராடோ மட்டும் தாக்குப்பிடித்தது. அடுத்த அடி தெற்கிலிருந்து. அதபாஸ்கா படுகையில் ராபிட் லேக், கீ லேக் என்று புதிய படிவுகள் கிடைத்தன. எல்டொராடோ தோண்டிய பாறையில் யுரேனியம் 0.2 சதவீதம் அளவில்தான். கீ லேக்கில் அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. பிறகு வந்த சிகார் லேக்கில் பத்து சதவீதத்துக்கும் மேல். எல்டொராடோ மாதிரி பூமிக்கடியில் ஆழமாகப் போய், டன் கணக்கில் பாறையைத் தூக்கி, சட்டியில் ஒட்டியதைச் சுரண்டுகிற மாதிரி எடுத்தால் யாரால் போட்டி போட முடியும்?

எனக்குக் கோபம் வருவது மூடியதில் இல்லை. எழுபதுகளின் கடைசியில் அங்கே புது வீடுகள் எழுந்தன. பெரிய உயர்நிலைப்பள்ளி வந்தது, அதற்கு அணு உலையின் பெயரையே வைத்தார்கள்: காண்டு. 1980-ல் சார்லட் ஆற்றில் புது நீர்மின் நிலையம். அடுத்த வருஷம் டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்னால், கடையைக் கட்டுகிறோம் என்று அறிவிப்பு. அந்த நம்பிக்கையில் வீடு வாங்கியவன் அதை யாரிடம் விற்பான்?

ஆகவே என் கட்சி வேறு. அங்கே ஊரே கட்டியிருக்கக் கூடாது. தாது தீரும் என்று தெரிந்த இடத்தில் தேவாலயமும் பள்ளிக்கூடமும் எதற்கு? அதற்குப் பிறகு சஸ்காட்செவன் யுரேனியச் சுரங்கம் எதற்கும் ஊர் கட்டவில்லை. ராபிட் லேக் 1975-லேயே வழி காட்டிவிட்டது: விமானத்தில் கூட்டிப்போய் ஒரு வாரம் வேலை வாங்கு, அடுத்த வாரம் வீட்டில் கொண்டுவிடு. 2018-ல் மெக்ஆர்தர் ரிவர் சுரங்கத்தைப் பல ஆண்டுகளுக்கு நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது, உண்மை. ஆனால் ஓர் ஊர் சாகவில்லை. அவரவர் வீடு அவரவர் ஊரில் இருந்தது.

வன்னியான்:
பாறையாளன் அண்ணை, கோவிக்காதேங்கோ. நீங்கள் சொல்லுற அந்த முறையில நான் மூண்டு வருசம் இருந்தனான். எந்தச் சுரங்கம் எண்டு கேக்காதேங்கோ. சமையல்கட்டில வேலை. ஏழு நாள் அங்க, ஏழு நாள் சஸ்கட்டூனில வீட்டை.

எனக்கு ஒரு அறை. நான் வீட்டை நிக்கிற கிழமை அதே கட்டிலில இன்னொருத்தர் படுப்பார். அவற்றை பெட்டி கட்டிலுக்குக் கீழ, என்ரை பெட்டி அலுமாரிக்கு மேல. அவர் ஏறுற விமானத்தில நான் இறங்கிறது, அப்ப ஆளை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒருக்கா மனிசி சுட்டுத் தந்த முறுக்கில கொஞ்சம் மேசையில வைச்சிட்டு வந்தன். அடுத்தமுறை போனா அந்த டப்பாவில காய்ஞ்ச மான் இறைச்சி. பிறகு அது வழக்கமாப் போச்சுது. மூண்டு வருசம். கடைசியா என்னை நிப்பாட்டினது நான் வீட்டை நிக்கேக்க, டெலிபோனில. பெட்டியைக் கூரியரில அனுப்பினவை. அந்த மனுசன்ரை பேர் இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

ஊர் சாகேல்லை எண்டு சொல்லுறியள். ஊரே இல்லாட்டி எப்பிடிச் சாகும்? யுரேனியம் சிட்டியில மூடினபோது மூடினவங்கள் சனத்தின்ரை முகத்தைப் பாக்கவேண்டி இருந்தது. எங்களுக்கு ஒரு போன்கோல் காணும்.

பாறையாளன்:
வன்னியான், அந்த டப்பா விஷயம் மனதில் நின்றுவிட்டது. ஆனாலும் கேட்கிறேன்: உங்கள் பிள்ளைகள் பள்ளி மாறவில்லை, மனைவி வேலையை விடவில்லை, வீடு கையில் இருந்தது. 1982-ல் அங்கிருந்து கிளம்பியவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் போயின.

வன்னியான்:
அது சரிதான். இல்லையெண்டு சொல்லேல்லை.

வரிக்கணக்கு:
நல்ல கதைகள். என் கேள்வி அப்படியே கிடக்கிறது. காசு.

மேகலை:
காசு பற்றியே பேசுவோம், வாருங்கள். யுரேனியம் சிட்டிக்குத் தென்மேற்கே, அதே ஏரிக்கரையில் கன்னர் என்று ஒரு சுரங்கம். 1955-ல் தொடங்கி அறுபதுகளின் நடுவில் மூடியது. அங்கேயும் ஒரு குடியிருப்பு இருந்தது. நீங்கள் விரும்புகிற மாதிரியே ஒருவர் விடாமல் கிளம்பிப் போனார்கள். போகிற போக்கில் கம்பெனி செய்தது என்ன தெரியுமா? ஏரிக்கும் திறந்தவெளிக் குழிக்கும் நடுவே வெடிவைத்து வாய்க்கால் வெட்டி, குழியைத் தண்ணீரால் நிரப்பிவிட்டது. அரைத்துக் கழித்த மண் 40 லட்சம் டன்னுக்கும் மேல் வெட்டவெளியில் கிடந்தது. நாற்பது வருஷம் யாரும் சீந்தவில்லை.

2006-ல் மத்திய அரசும் மாநில அரசும் பாதிப்பாதி போட்டுச் சுத்தம் செய்வோம் என்று கையெழுத்திட்டன. மதிப்பீடு 2 கோடியே 46 லட்சம் டாலர். அது வளர்ந்து 28 கோடியைத் தொட்டது. 2018-ல் மாநிலம் மத்திய அரசு மேல் வழக்கே போட்டது. ஒரு ஆள்கூட இல்லாத இடத்துக்கு இந்தச் செலவு. இந்த 91 பேருக்குத் தண்ணீர்க் குழாய் வைத்திருப்பது உங்களுக்குக் கண்ணை உறுத்துகிறது.

மின்சாரத்தையும் சேர்த்துச் சொன்னீர்களே. சுரங்கத்துக்கென்று கட்டிய நீர்மின் நிலையங்கள் இன்றும் ஓடுகின்றன, அந்த வட்டாரம் முழுவதுக்கும் கொடுக்கின்றன. ஊரைக் காலி செய்தால் ஆறு நின்றுவிடுமா?

வரிக்கணக்கு:
கன்னரைச் சுத்தம் செய்யும் செலவு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வந்தே தீரும். அதை இந்தக் கணக்கில் சேர்ப்பது வக்கீல் வாதம். மின்சாரம், ஒப்புக்கொள்கிறேன், அதை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்னதே எனக்குச் சாதகமாகவும் வருகிறது. சுற்றிலும் கழிவு. ஊருக்குப் பக்கத்திலுள்ள பீவர்லாட்ஜ் ஏரி மீனை அளவோடுதான் சாப்பிட வேண்டும் என்று அரசே எச்சரித்திருக்கிறது, செலினியம் ஏறியிருப்பதால். ஏரியில் வலை போட்டவர்கள் என்றீர்களே. இப்போது எந்த ஏரியில் போடுகிறார்கள்?

மேகலை:
வேறு ஏரியில். அங்கே ஏரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீங்கள் குத்திய இடம் சரியான இடம்தான், மறுக்கவில்லை. எது எந்தத் தண்ணீர் என்று அறிந்த ஆட்கள் அங்கேயே இருப்பதால்தான் அந்த எச்சரிக்கைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. எல்டொராடோ 1988-ல் மாநில நிறுவனத்தோடு சேர்ந்து கேமிக்கோ ஆனது. பீவர்லாட்ஜ் பக்கம் எல்டொராடோ விட்டுப்போன பழைய சுரங்கக் குழிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தக் கேமிக்கோவிடம் வந்தது. ஒவ்வொன்றாக மாநிலத்தின் நீண்டகாலக் கண்காணிப்புப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு ஒதுங்க ஆரம்பித்தது. மாற்றிய பிறகு குழியின் மூடி விரிசல் விட்டால் முதலில் யார் பார்ப்பார்கள்? மாநிலத் தலைநகர் ரெஜைனாவில் மேஜைக்குப் பின்னால் இருப்பவரா?

பாறையாளன்:
ஆய்வாளர் அவ்வப்போது வருவார், கேளுங்கள். நடுவில் பனிதான் பார்க்கும்.

வரிக்கணக்கு:
சரி, காவல்காரர்கள் என்ற கணக்கில் வேண்டுமானால் அந்த ஊரை வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், சும்மா அல்ல.

வன்னியான்:
இப்ப ஆர் வரியைக் கூட்டச் சொல்லுறது?