பூங்கா வாசலில் வீல்சேர் நுழைய என்ன வழி?

வணக்கம். எங்கள் பகுதிப் பூங்காவில் பைக் உள்ளே வரக்கூடாது என்று வாசலில் கம்பி நட்டிருக்கிறார்கள், அதில் அம்மாவின் வீல்சேரும் நுழையவில்லை, குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளி வருபவர்களும் திரும்பிப் போகிறார்கள். பின்வாசலில் சாய்தளம் இருக்கிறது, ஆனால் ரொம்பச் செங்குத்து. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளமாவது வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பூங்காவுக்கும் பொருந்தும். மெரினா மணலிலேயே 2022-ல் மரப்பாதை போட முடிந்ததே!

பைக்கைத் தடுத்து வீல்சேரை விடும் வாசல் உங்கள் ஊரில் இருந்தால் அளவோடு ஒரு படம் அனுப்புங்களேன். அப்புறம், மாநகராட்சியில் மனு கொடுத்து இப்படி மாற்ற வைத்தவர்கள் யாராவது இருந்தால், மனுவில் என்ன எழுதினீர்கள், யாரைப் பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள்.