பழுதான மின்சிகரெட்: கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பெரம்பூர்க்காரன்:

சென்ற மாதம் இணையத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து, 2,850 ரூபாய் கொடுத்து வேப் கருவி (மின்சிகரெட்) ஒன்றை வாங்கினேன். பதினெட்டு ஆண்டுகளாகச் சிகரெட் பிடிப்பவன் நான். அதை விட்டுவிட இது ஒரு வழியாக இருக்கும் என்று நம்பித்தான் வாங்கினேன். நான்காம் நாள், யாரும் தொடாமல் மேசைமேல் கிடந்த கருவி தானாகவே சூடாகத் தொடங்கியது. சார்ஜில் போட்டால் அடிப்பக்கம் கைவைக்க முடியாதபடி கொதிக்கிறது; வாய் வைக்கும் முனையில் திரவம் கசிந்து பிசுபிசுக்கிறது.

விற்றவருக்கு இதையெல்லாம் காணொளியாக எடுத்து அனுப்பினேன். பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த காணொளி இருந்தால்தான் மாற்றித் தர முடியும் என்றார்கள். அப்படி ஒன்று எடுக்கவில்லை என்றதும், திரவக் கறை இருப்பதால் வாரண்டி செல்லாது என்றார்கள். கசிவுதானே பழுது, அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுப்பது எப்படி என்று கேட்டேன். அத்தோடு என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். ரசீது எதுவும் வரவில்லை. பார்சல் மேல் ‘மொபைல் உதிரிப்பாகம்’ என்று ஒட்டியிருந்தது. அனுப்பியவர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தது.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளைப் படித்துப் பார்த்தேன். இணைய வணிகத்தில் வரும் புகாருக்கு 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும், பழுதான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று அவற்றில் தெளிவாகவே இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நெறியாளர்:

பதிவிலிருந்த விற்பனையாளரின் பெயரையும் எண்ணையும் நீக்கியிருக்கிறேன். எங்கே கிடைக்கும் என்ற கேள்வியோ பதிலோ இந்த இழையில் வேண்டாம்.

கறுப்பு அங்கி:

பெரம்பூர் நண்பருக்கு, உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் நீங்கள் படித்த விதிகளுக்கு முன்னால் படித்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய மின்சிகரெட் தடைச் சட்டம், இக்கருவிகளைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, கொண்டு செல்வது, விற்பது, விளம்பரம் செய்வது ஆகிய அனைத்தையும் தடுக்கிறது; இணைய விற்பனையும் அதில் அடங்கும். முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடியும் சிக்கினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 23ஆவது பிரிவின்படி, சட்டம் தடுத்த ஒன்றை நோக்கமாகக் கொண்ட ஒப்பந்தம் செல்லாது. ஒப்பந்தமே இல்லாதபோது, எந்த வாரண்டியை வைத்து எந்த ஆணையத்தின் முன் நிற்பீர்கள்?

வடை பாயசம்:

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். சத்தமும் போட முடியாது, வலியையும் பொறுக்க முடியாது.

பெரம்பூர்க்காரன்:

நான் திருடவில்லை ஐயா. காசு கொடுத்து ஏமாந்தவன் நான். திருடன் யார் என்பதைச் சற்று யோசித்து எழுதுங்கள்.

மாம்பலம் வாசகி:

கறுப்பு அங்கி ஐயா சொல்லும் சட்டத்தை நானும் படித்திருக்கிறேன். அதில் தண்டனைப் பிரிவுகள் விற்பவரையும் இறக்குமதி செய்பவரையும் இருப்பு வைப்பவரையும் பார்த்து எழுதப்பட்டவை. சொந்த உபயோகத்துக்கு ஒன்றை வாங்கியவருக்குத் தனியாகத் தண்டனை எதுவும் அதில் சொல்லப்படவில்லை. அதாவது, இந்த வியாபாரத்தில் யார் குற்றவாளி, யாரைக் காப்பாற்ற இச்சட்டம் வந்தது என்பதைச் சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. சட்டவிரோதமான பரிமாற்றமாக இருந்தாலும், இரு தரப்பும் சம அளவில் குற்றமுடையவர்களாக இல்லாவிட்டால் குறைந்த குற்றமுடையவருக்கு நீதிமன்றம் உதவலாம் என்பது பழைய கொள்கை. சீதாராம் எதிர் ராதாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விதிவிலக்கை எடுத்துச் சொல்லியிருக்கிறது. அவர் கேட்பது வாரண்டியை அல்ல, தம் பணத்தை. விற்கவே கூடாத பொருளை விற்றவன் அந்தப் பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்று முடித்தால், தடைச் சட்டமே அவனுக்குக் கவசமாகிவிடும். நல்ல பொருள் விற்கிற கடைக்காரருக்கு இருக்கும் பயம்கூட இவனுக்கு வேண்டாமா?

நுகர்வோர் சட்டம் வசதியாகத்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

கறுப்பு அங்கி:

அம்மா, அந்தத் தீர்ப்பு ஒரு பெண்மணி ஒருவரை நம்பி நகைகளை ஒப்படைத்து ஏமாந்த வழக்கில் வந்தது. அங்கே நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவன் வஞ்சித்தான். இங்கே என்ன நடந்தது? ‘மொபைல் உதிரிப்பாகம்’ என்று ஒட்டிய பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, ரசீது இல்லை என்பதையும் கவனித்துவிட்டு நான்கு நாள் பயன்படுத்தியிருக்கிறார். அந்தச் சீட்டைப் பார்த்தபோது அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? அவரே சொல்லட்டும்.

நடைமுறைக்கு வருவோம். எதிர்மனுதாரர் யார்? அறிவிப்பை எந்த முகவரிக்கு அனுப்புவீர்கள்? யுபிஐயில் தாமே விரும்பி அனுப்பிய பணத்தை, பொருள் சரியில்லை என்று சொல்லி வங்கி திருப்பி எடுத்துத் தராது. வழக்குகளில் நான் பார்த்த மட்டில், முகவரி இல்லாத எதிரியின் மேல் போட்ட மனு வாய்தாவிலேயே வயதாகிப் போகும். 2,850 ரூபாய்க்கு அவ்வளவு பேருந்துக் கட்டணம் கட்டுமா?

பெரம்பூர்க்காரன்:

தோன்றியது. மறைக்கவில்லை. தடை இருப்பது அரைகுறையாகத் தெரியும்; விளம்பரம் பகிரங்கமாக வருகிறதே, தளர்த்தியிருப்பார்கள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ரிச்சி தெரு பட்டறை:

சட்டம் பேசுகிறவர்கள் பேசுங்கள். அந்தக் கருவி இப்போது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கைப்பேசி பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அண்ணா, அதை இனிமேல் சார்ஜில் போடாதீர்கள்.

இந்தக் கருவிகளில் பொத்தான் இல்லாத வகையில் உள்ளே காற்றழுத்தத்தை உணரும் சிறிய சென்சார் இருக்கும். பார்க்கச் சின்ன மைக் போல இருக்கும். நாம் உறிஞ்சும்போது அது விழித்துக்கொண்டு, திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருளான காயிலுக்கு மின்சாரத்தை விடும். கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் கலந்த அந்தத் திரவம் கசிந்து சென்சாரின் சவ்வில் ஒட்டிவிட்டால், யாரும் உறிஞ்சாமலே உறிஞ்சுவதாக நினைத்துக்கொண்டு காயிலைச் சுட வைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் மேசையில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும். அடிப்பக்கம் கொதிப்பது வேறு கதை, அதுதான் ஆபத்தானது. லித்தியம் அயான் செல் 4.2 வோல்ட்டுக்கு வந்ததும் சார்ஜ் நிற்க வேண்டும். நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று மட்டமாக இருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ செல் உப்பி, பிறகு தீயாகும். இப்போதைக்கு மரமேசையில் வைக்காமல், ஒரு மண்சட்டியில் உலர்ந்த மணலைக் கொட்டி அதில் வைத்து, பால்கனியில் தனியாக வையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். வண்டியில் நசுங்கினால் தூய்மைப் பணியாளர் கையில் வெடிக்கும்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் பர்மா பஜாரில் டேப் ரிக்கார்டர் வாங்கப் போனவர்கள் கடையிலேயே கேசட் போட்டு இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டுத்தான் காசை எடுப்பார்கள். வாரண்டி கிடையாது என்று இருவருக்கும் தெரியும், ஆனால் கடைக்காரர் முகம் தெரியும், மறுநாள் போய்ச் சண்டை போட முடியும். இங்கே உங்களுக்கு இருப்பது ஓர் எண். அதுவும் இப்போது எடுக்காது.

மாம்பலம் வாசகி:

பட்டறைத் தம்பி சொன்னதைத்தான் நானும் வேறு விதமாகச் சொல்கிறேன். முகம் தெரியாமல் இருப்பதுதான் அவனுடைய முழு முதலீடு. கூரியர் சீட்டில் உள்ள எண்ணைக் கொண்டு பார்சல் எங்கே பதிவானது என்று கண்டுபிடிக்கலாம். பணம் போன கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைக் காவல்துறை வங்கியிடம் கேட்டால் கிடைக்கும். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் இந்த இரண்டையும் கொடுங்கள். பணம் வராமல் போகலாம் என்பதைக் கறுப்பு அங்கி ஐயாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். வரக்கூடாது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கறுப்பு அங்கி:

காவல்துறையில் புகார் கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை; நடக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆனால் வாங்கிய சூழ்நிலையை மறைக்காமல் எழுதித் தர வேண்டும், கருவியையும் ஒப்படைக்க வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் உண்மையிலேயே சிகரெட்டை விட நினைக்கிறார் என்றால், 1800 112 356 என்ற கட்டணமில்லாத எண்ணில் புகையிலையை விட்டுவிட ஆலோசனை தருகிறார்கள்.

வடை பாயசம்:

முதலில் எழுதியதைக் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாம். என் வீட்டிலும் கல்லூரி போகிற பையன் ஒருவன் இருக்கிறான். பென் டிரைவ் என்று சொல்லி ஒன்றை வைத்திருந்தான்.

பெரம்பூர்க்காரன்:

மணல் தேடி இரண்டு தெரு அலைந்தேன். கடைசியில் எதிர்வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்ததில் ஒரு சட்டி கேட்டு வாங்கினேன். எதற்கு என்று மேஸ்திரி கேட்டார், செடிக்கு என்று சொல்லிவிட்டேன். கூரியர் சீட்டையும் பணம் போன விவரத்தையும் படியெடுத்து வைத்திருக்கிறேன், நாளை 1930க்கு அழைக்கிறேன். கறுப்பு அங்கி ஐயா, ஒப்பந்தம் செல்லாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் என் 2,850 ரூபாய் எந்த ஒப்பந்தத்தின்படி அவனிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு மட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.