இலையுதிர்கால வலசை: கழிமுகத்தில் ஒரு முழு நாளை எப்படித் திட்டமிடுவது?

சேற்றுத்தடம்:
அக்டோபர் முதல் வாரத்தில் ஒரு நாள் முழுக்கக் கழிமுகத்தில் கரைப்பறவைகள் பார்க்கப் போகிறோம், இரண்டு பேர். 8 மடங்கு பைனாகுலர் ஒன்று, 20-60 மடங்கு ஜூம் ஸ்கோப் (டிரைபாடில் வைக்கும் தொலைநோக்கி) ஒன்று இருக்கிறது. எத்தனை மணிக்கு எங்கே நிற்பது? தூரச் சேற்றில் மேய்கிற உள்ளான்கள் (சிறு கரைப்பறவைகள்) எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிகின்றன, எதை வைத்துப் பிரிப்பது? பெரிய கூட்டத்தை எப்படி எண்ணுவது?

ஓதக்கணக்கு:
முதலில் ஓத அட்டவணையை, அதாவது கடல்நீர் ஏறும் (ஏற்றம்), இறங்கும் (வற்றம்) நேரப்பட்டியலைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பெரும்பாலான கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். ஆக நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் போய்வந்தவர் சொல்லும் நேரம் இந்த வாரம் உதவாது.

வற்றத்தில் பறவைகள் சேறு முழுக்கச் சிதறிக் கிடக்கும். நீர் ஏற ஏற மேய்ச்சல் இடம் சுருங்கி, கரைப்பக்கம் ஒதுங்கி வரும். உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அசையாமல் உட்கார்ந்துவிடுங்கள். நீங்கள் அவற்றைத் தேடிப் போனால் பறந்துவிடும், உட்கார்ந்திருந்தால் அவையே வரும்.

அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் கழித்து ஏற்றம் மிக உயரும். சேறு முழுவதும் மூழ்கி, கூட்டம் மணல்திட்டுக்கோ உப்பளத்துக்கோ போய்விடும். அந்த ஒதுங்குமிடம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் குறைவு, பறவைகள் தூரத்திலேயே நின்றுவிடும்.

வெயில் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வெயில் ஏறியதும் சேற்றின் மேல் கானல் துடிக்கத் தொடங்கும். அப்போது 60 மடங்குக்குத் திருகினால் துடிப்பும் சேர்ந்து பெரிதாகும், 25-க்கு இறக்கிவிடுங்கள்.

கல்திருப்பி:
இனத்துக்கு முன்னால் வயதைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். வளர்ந்தவை முன்னால் கிளம்பும், பல இனங்களில் அந்த ஆண்டு பொரித்த இளசுகள் சில வாரம் கழித்தே வரும். இளசின் இறகுகள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைத்தவை. ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு, முதுகு மீன்செதில் அடுக்கியது போல ஒழுங்காக இருக்கும். வளர்ந்ததின் இறகுகள் நைந்து, பழைய இனப்பெருக்க நிறமும் புதுச் சாம்பலும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும்.

அடுத்து மேயும் விதம். உப்புக்கொத்தி ஓடும், நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். உள்ளான் தலையை நிமிர்த்தாமல் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே நகரும்.

உறுதியான அடையாளங்கள் பல, இறக்கை விரிந்தால்தான் தெரியும். சாம்பல் உப்புக்கொத்திக்கு அக்குள் கருப்பு, பொன்னிற உப்புக்கொத்திக்கு அந்தக் கருப்பு இல்லை. வளைமூக்கு உள்ளானுக்கு வாலுக்குச் சற்று மேலே பிட்டம் வெள்ளை, டன்லின் என்ற உள்ளானுக்கு அந்த வெள்ளையின் நடுவே கருங்கோடு. பவளக்காலிக்கு இறக்கையின் பின்விளிம்பு வெள்ளை, பச்சைக்காலிக்கு முதுகில் ஏறும் வெள்ளை ஆப்பு. அதனால் பறவை இறகைக் கோதத் தொடங்கினால் ஸ்கோப்பை அதன் மேலேயே வையுங்கள். முடித்ததும் பெரும்பாலும் ஒரு இறக்கையை நீட்டிச் சோம்பல் முறிக்கும், அந்த இரண்டு விநாடி போதும்.

கால் நிறத்தை அவசரப்பட்டு எழுத வேண்டாம். கொசு உள்ளானின் கருங்கால் சேறு காய்ந்தால் வெளிர்ந்து, டெம்மிங்க் உள்ளான் என்று ஏமாற்றும். தண்ணீருக்குள் நடந்து வெளியே வந்த பிறகு பாருங்கள்.

மணல்திட்டு:
எண்ணிக்கைக்கு: கூட்டம் உட்கார்ந்திருக்கும்போது ஒரு ஓரத்திலிருந்து பத்து பறவையை எண்ணி, ஸ்கோப் வட்டத்தில் அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவில் பத்துப் பத்தாக நகருங்கள், ஆயிரத்தைத் தாண்டினால் நூறு நூறாக. முதலில் மொத்தம், அப்புறம் இன விகிதம். விகிதத்தை ஒரே இடத்தில் எடுத்தால் தவறும். நீள்கால் மூக்கன்கள் (நீண்ட அலகுள்ள பெரிய கரைப்பறவைகள்) ஆழத்தில் நிற்கும், குட்டை உள்ளான்கள் விளிம்பில் நிற்கும். நான்கைந்து இடத்தில் பாருங்கள்.

காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய வளையமோ கொடியோ தெரிந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்று எல்லாம் எழுதுங்கள். இடது, வலது என்பது பறவையின் இடது, வலது. எதிரே நின்று பார்ப்பவர் இதை மாற்றி எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

கூட்டத்தில் தலைகள் ஒன்றாக நிமிர்ந்தால், கோதுவது நின்றால், எல்லாம் ஒரு பக்கமாக நடந்தால், உடனே நின்று பின்வாங்குங்கள். 2022-இல் ஒரு இளம் பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. இறங்காமல் 11 நாள் பறந்தது. அந்தப் பயணத்துக்கான கொழுப்பு முழுக்கச் சேற்றில் மேய்ந்து சேர்த்ததுதான். நம் ஒரு புகைப்படத்துக்காகக் கூட்டம் எழுந்தால் அதிலிருந்துதான் செலவாகும்.

சேற்றுத்தடம்:
நன்றி. வற்றத்தில் சேற்றுக்குள் இறங்கி நெருங்கலாமா?

ஓதக்கணக்கு:
வேண்டாம். ஏற்றம் நேராகக் கரை நோக்கி வராது, முதலில் ஓடைகள்தான் நிரம்பும். நீங்கள் கடலைப் பார்த்து நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் இடுப்பளவு நீர் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொன்று, லென்ஸில் உப்புத்துளி பட்டால் துணியால் தேய்க்காதீர்கள், காய்ந்த உப்பு கோட்டிங்கைக் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். டிரைபாட் கால்களையும் அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.