சட்டைக்கு மேல் துருத்தும் ரிவால்வர் கைப்பிடி: எதை வாங்கலாம்?

அம்பை_நெல்லரைவை
வணக்கம். முறையான உரிமத்துடன் நான் வைத்திருக்கும் சின்ன ரிவால்வரின் கைப்பிடி எனக்குக் கைக்கு அடங்கவில்லை; இடுப்பில் வைத்தால் சட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே தெரிகிறது. ரப்பர் கைப்பிடி போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். நல்லதாக ஒன்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை நெல் பணத்துடன் டவுனுக்கு வரவேண்டியிருப்பதால் சற்று அவசரம்.

கருங்காலி
அண்ணாச்சி, எந்த ரிவால்வர் என்றே நீங்கள் சொல்லவில்லையே. கான்பூர் ஆயுத ஆலையின் .32 ஆ, எடை குறைந்த நிர்பீக் ரிவால்வரா, பழைய வெளிநாட்டு உருப்படியா? ஒன்றின் கைப்பிடி மற்றொன்றில் உட்காராது. இடுப்பில் வலப்பக்கம் வைக்கிறீர்களா, வயிற்றுக்கு முன்னால் வைக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

பாளை_ஹவில்தார்
மூன்று மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியுடன் வருகிறார். பழைய பதிவுகளை ஒருவரும் படிப்பதில்லை. படையில் கொடுத்த ஆயுதத்துக்குக் கையைப் பழக்கினோமே தவிர, கைக்கு ஏற்ற ஆயுதத்தைத் தேடி அலையவில்லை. முதலில் மாதம் ஒருமுறையாவது சுட்டுப் பழகுங்கள், பிறகு கைப்பிடியைப் பற்றிப் பேசலாம்.

சிறுகை
ஹவில்தார் ஐயா, மரியாதையுடன் மறுக்கிறேன். என் கை சிறியது. எவ்வளவு பழகினாலும், ஆள்காட்டி விரல் டிரிக்கரை எட்டுவதற்காகப் பிடியைப் பக்கவாட்டில் திருப்பவேண்டியிருந்தால், சுடும்போது வரும் உதை பெருவிரலின் அடிக்கணுவில்தான் விழும். நான்கு மாதம் அந்த இடம் எனக்குக் கன்றிப்போய்த்தான் இருந்தது. மெல்லிய மரப்பிடிக்கு மாறிய பிறகு கை நேராக நின்றது, குண்டும் நினைத்த இடத்தில் விழுந்தது. பழக்கம் வேண்டியதுதான், ஆனால் அளவு தவறிய பிடியில் பழகினால் தவறான பிடிப்புத்தான் கையில் ஊறும்.

பொதிகைச்சாரல்
ரப்பரே போடுங்கள். ஆடி மாதச் சாரலில் கை நனைந்தாலும் வழுக்காது; உதையையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும்.

கருங்காலி
கையில் வழுக்காத ரப்பர் சட்டையிலும் வழுக்காது என்பதுதான் தொல்லை. பருத்திச் சட்டை அதில் ஒட்டி, நீங்கள் குனிந்து நிமிரும்போது சுருண்டு மேலேறி நிற்கும். எடுக்கும்போது துணியும் சேர்ந்து வரும். மறைத்து வைப்பதற்கு வழவழப்பான மரமே ஏற்றது. அமெரிக்காவில் 1950இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸனின் ஐந்து குண்டுச் சிறு ரிவால்வர்களுக்கு 'பூட் கிரிப்' என்ற குட்டைப் பிடியைப் பலர் போடுகிறார்கள். அதன் அடி இரும்புச் சட்டத்துக்குக் கீழே நீளாது, மூலைகளும் உருண்டிருக்கும். சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, ஆனால் துணிக்கு மேலே புடைத்துத் தெரிவது பெரும்பாலும் பிடியின் அடிமூலை என்பதால், அந்த விரலை விட்டுக்கொடுத்துத்தான் மறைப்பைப் பெறவேண்டும்.

பனையடி
மரம் என்றால் பனை வைரம்தான். எங்கள் பக்கம் உடன்குடியில் அதைவிட உறுதியான மரம் ஏது?

கருங்காலி
பனை வைரம் உத்திரத்துக்குச் சரி. அதன் நார் நீளவாக்கில் சிலாம்பாகப் பிரியும். உள்ளங்கையில் ஏறினால் எடுப்பது கடினம். ஈட்டி மரத்தை நன்றாக இழைத்து எண்ணெய் ஊட்டினால் வேர்வை எளிதில் இறங்காது.

பனையடி
வைரம் பாயாத மரத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள். நூறு வயதுப் பனையின் கருப்பு வைரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கண்ணாடிபோல வரும். எங்கள் வீட்டு அரிவாள் பிடி அதில் செய்ததுதான், முப்பது ஆண்டாக ஒரு சிலாம்பும் கிளம்பவில்லை.

பாளை_ஹவில்தார்
அரிவாள் பிடியைக் கை முழுதும் சுற்றிப் பிடிக்கிறோம். ரிவால்வரின் பக்கத்துண்டு சில மில்லிமீட்டர் கனத்தில் திருகாணியின் இறுக்கத்தைத் தாங்கி நிற்கவேண்டும். அந்தக் கனத்தில் பனை பிளக்கும். கேள்வி கேட்டவரை முதலில் பதில் சொல்லவிடுங்கள்.

அம்பை_நெல்லரைவை
மன்னிக்கவும், மில்லில் வேலை அதிகமாக இருந்தது. கான்பூர் .32, ஆறு குண்டு. நான் வேட்டி கட்டுபவன். அதன்மேல் அகலமான பச்சை பெல்ட்டும், வெளியே விட்ட அரைக்கைச் சட்டையும். தனி உறை இல்லை. பெல்ட்டுக்குள் அப்படியே சொருகிக்கொள்கிறேன். விரல்கள் தடிமன், குட்டை. பிடிக்கு இரண்டு பக்கமும் மரத்துண்டு, முதுகில் இரும்பு வெளியே தெரிகிறது.

சிறுகை
அண்ணாச்சி, முதலில் அந்தச் சொருகலை நிறுத்துங்கள். பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் வைத்து, முழுவதும் மூடி, தன் கட்டுப்பாட்டில் கொண்டுசெல்லவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளிலேயே இருக்கிறது; டிரிக்கரைச் சுற்றிய வளையத்தை முழுக்க மூடும் உறை இல்லாமல் வேட்டி மடிப்பில் வைப்பது உங்கள் தொடைக்கே ஆபத்து. துருத்துவதில் பாதிக்கு மேல் உறை இல்லாததால் வருவது என்று நினைக்கிறேன், ஏனென்றால் பிடியின் கனம் வெளிப்பக்கம் சாய்ந்து பெல்ட்டை விலக்குகிறது. இடுப்போடு ஒட்டி உயரமாக உட்காரும் தோல் உறை, தடித்த தோலில், பச்சை பெல்ட்டின் அகலத்துக்கே தைத்து வாங்குங்கள்.

பிறகு கைப்பிடி. ரிவால்வரை முழுவதும் காலிசெய்து, ஆறு அறையையும் கண்ணால் பார்த்துவிட்டு, பழைய சைக்கிள் ட்யூபில் நான்கு விரல் அகலம் வெட்டி, பிடியின்மேல் இழுத்து மாட்டிப் பாருங்கள். பிடியின் தடிமன் கூடியதும் விரல் டிரிக்கரைவிட்டு விலகினால் உங்களுக்கு வேண்டியது இப்போதிருப்பதைவிட மெல்லிய மரம்; இன்னும் நன்றாக அடங்கினால் சற்றுத் தடித்தது. நடுவிரலின் கணு டிரிக்கர் வளையத்தின் பின்னால் இடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இடித்தால் அந்த இடைவெளியை அடைக்கும்படி மரத்தின் முன்பகுதியைச் சற்று மேலேற்றி இழைக்கச் சொல்லவேண்டும். ட்யூப் அளவு பார்க்க மட்டும்தான். அதோடு வெளியே கிளம்பாதீர்கள்.

பாளை_ஹவில்தார்
தங்கச்சி சொன்னது சரி. உறையில்லாமல் சொருகுகிறார் என்று தெரிந்திருந்தால் நானும் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். இன்னொன்று: தச்சரிடம் ரிவால்வரை விட்டுவிட்டு வராதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி ஆயுதத்தைப் பழுதுபார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். உரிமமில்லாதவர் கையில் கொடுப்பது இருவருக்கும் வில்லங்கம். திருகாணியைக் கழற்றிப் பழைய மரத்துண்டுகளை மட்டும் மாதிரிக்குக் கொண்டுபோங்கள். இரும்புச் சட்டத்துக்குக் கீழே நீளும் மரத்தைக் குறைக்கலாம், இரும்பில் அரம் படக்கூடாது.

பொதிகைச்சாரல்
நிர்பீக் வாங்கினால் எடை சுமார் 500 கிராம்தானே, மறைப்பது எளிதல்லவா?

சிறுகை
இடுப்புக்கு எளிது, கைக்கு அல்ல. அதே குண்டை எடை குறைந்த ரிவால்வரில் சுட்டால் உதை கூடும். அவருடையது 700 கிராம் அளவில் இருப்பதால் குட்டைப் பிடியோடும் சமாளிக்கலாம்.

அம்பை_நெல்லரைவை
எல்லோருக்கும் நன்றி. ட்யூப் மாட்டியதும் விரல் எட்டவில்லை; எனக்கு மெல்லியதுதான் வேண்டும் என்று தெரிந்தது. கல்லிடைக்குறிச்சியில் ஒரு தச்சரிடம் பழைய துண்டுகளைக் கொடுத்து ஈட்டியில் செய்துகொண்டேன், அடிமூலையை உருட்டிவிட்டார். உறை தைக்கக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை ரிவால்வர் பெட்டியில்தான் இருக்கும்; வெள்ளிக்கிழமை பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்பிவிட்டேன்.

பனையடி
அடுத்த முறை பனையில் ஒரு ஜோடி நான் செய்து அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.