புகையிலைக் கம்பனியிடமும் கருத்துக் கேட்க வேண்டுமா?

கேள்வி:
சிகரெட் வரி, எச்சரிக்கைப் படம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும்போது கம்பனியின் கருத்தையும் கேட்பதே நியாயம் என்று எங்கள் சனசமூக நிலையத்தில் சிலர் வாதிடுகிறார்கள். சரியா?

மறுமொழி 1:
சரியில்லை. இலங்கை 2003இல் ஏற்றுக்கொண்ட, உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சமவாயம் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் 5.3ஆம் உறுப்புரை, சுகாதாரக் கொள்கையை அத்தொழிற்றுறையின் நலன்களிலிருந்து பாதுகாக்கும் கடமையை அரசுக்கு விதிக்கிறது. 2012இல் பெட்டியின் 80 வீதத்தில் எச்சரிக்கைப் படம் வேண்டுமென ஒழுங்குவிதி வந்தபோது கம்பனி நீதிமன்றம் சென்றது, அளவு குறைக்கப்பட்டது, 2015இல் சட்டத்தைத் திருத்திய பின்னரே 80 வீதம் நடைமுறைக்கு வந்தது. அந்த இழுபறிக் காலத்தை யார் திருப்பித் தருவார்?

மறுமொழி 2:
செம்மண்ணில் புகையிலை நட்டு, குடிலில் புகைபோட்டுப் பதப்படுத்தும் எங்கள் கமக்காரரின் நிலை என்ன?

மறுமொழி 3:
அவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் வேண்டுமென்பதை அதே சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை வலியுறுத்துகிறது. அதைக் கமக்காரரே அரசிடம் நேரில் கேட்கட்டும். அவர்களுக்காகப் பேசும் உரிமையைக் கம்பனிக்குக் கொடுக்கக்கூடாது.