வீடியோ கேம் மாநாட்டு இசை நிகழ்ச்சி: குடும்பத்துடன் செல்ல ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடக்கவிருக்கும் வீடியோ கேம் மாநாட்டில், விளையாட்டுகளின் பின்னணி இசையை வாத்தியக் குழு மேடையிலேயே வாசிக்கும் நிகழ்ச்சிக்கு, மனைவி, எட்டு வயது மகன், காது கேட்கும் கருவி அணியும் என் அம்மா ஆகியோருடன் செல்ல எண்ணியுள்ளேன். திருவையாற்று ஆராதனையில் மணிக்கணக்கில் தரையில் அமர்ந்து பஞ்சரத்தினம் கேட்டவர் அம்மா. பேரன் விளையாடும்போது காதில் விழும் மெட்டுகளை ராகம் பிரித்துச் சொல்பவரும் அவர்தான் என்பதால், அவரை விட்டுச் செல்ல மனமில்லை.

என் கவலை ஒலியளவைப் பற்றியது. இத்தகைய அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என 2022இல் உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருந்தாலும், நடைமுறையில் ஒலிபெருக்கிகளிலிருந்து எவ்வளவு தள்ளி அமர்வது நல்லது, சிறுவர்களுக்கான காதுக்கவசம் எங்கே கிடைக்கும், அம்மாவின் கருவியைக் கழற்றிவிட வேண்டுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். முதியவர்களுக்கு நாற்காலி தருவார்களா? மாநாட்டு நுழைவுச் சீட்டே இசைக்கும் போதுமா?

அன்றிரவே எழும்பூரில் உழவன் விரைவு வண்டியைப் பிடித்தாக வேண்டும். ஆலந்தூரிலிருந்து மெட்ரோவில் செல்வதானால், நிகழ்ச்சியின் நடுவே எப்போது எழுந்தால் சரியாக இருக்கும்?