புதுப்பிப்பு: அப்கிரேடுக்குப் பிறகு உறையும் கணினி, காரணம் பிடிபட்டது

விண்டோஸ் இயங்குதளத்தை அப்கிரேடு செய்ததிலிருந்து கணினி அடிக்கடி அரை நிமிடம் உறைந்து, தானாகவே மீள்கிறது என்று எழுதியிருந்தேன். ரேம் போதாது என்றே பலரும் சொன்னீர்கள். அது இல்லை.

கணினியின் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தே வைத்துக் காத்திருந்தேன். உறையும்போது டிஸ்க் 100% காட்டுகிறது. ஆனால் படிக்கும் வேகம், எழுதும் வேகம் இரண்டும் பூஜ்யம். வேலை அதிகமாகித் திணறும் டிஸ்க் இப்படிக் காட்டாது, பதிலே சொல்லாத டிஸ்க்தான் காட்டும். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவுகளைப் பார்த்தால், ஒவ்வொரு உறைவுக்கும் 129 என்ற எண்ணுடன் ஓர் எச்சரிக்கை. அதாவது, அனுப்பிய கட்டளைக்குப் பதில் வராமல் விண்டோஸ் டிஸ்க்கை ரீசெட் செய்திருக்கிறது. (அந்தப் பக்கம் யார்தான் எட்டிப் பார்க்கிறோம்!)

மின்சாரத்தை மிச்சப்படுத்த, டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா இணைப்பைத் தூங்கவைக்கும் வசதி ஒன்று உண்டு. அப்கிரேடில் பவர் பிளான் (மின் பயன்பாட்டுக்கான அமைப்பு) மாறி, அது மறுபடி இயங்கத் தொடங்கியிருக்கிறது. என் கணினியின் டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு அது ஒத்துவரவில்லை. ஹை பெர்ஃபார்மன்ஸ் பிளானுக்கு மாற்றியதும் உறைவு நின்றது. லேப்டாப் என்றால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். எஸ்எஸ்டிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரையும் புதுப்பிக்கலாம், பேக்கப் எடுத்துவிட்டு.

அப்கிரேடுக்குப் பிறகு கணினி பொதுவாகவே மந்தமாக இருந்தது வேறு கதை: தேடலுக்காகக் கோப்புகளைப் பட்டியலிடும் இண்டெக்சிங் பின்னணியில் ஓடியது. முடிந்ததும் தானே அடங்கிவிட்டது.